இருநூறு மணித்தியாலமும் ஒரு பக்கக் கடிதமும்

எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் ஒரு விமானி இருக்கிறான். லைசன்ஸ் கையில் இருக்கிறது. வேலைதான் இன்னும் இல்லை. சுன்னாகத்துக் காணித் துண்டொன்றை விற்றும், ரொறொன்ரோவிலிருக்கும் பெரியம்மாவிடம் வாங்கியும் படிப்பித்தார்கள். வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறி இரத்மலானைக்குப் போவான், பறப்பான், பின்னேரம் அதே பஸ்ஸில் நின்றுகொண்டு திரும்பி வருவான். மெரின் டிரைவில் நடக்கப் போகிற எங்கள் கட்டடத்துக்காரர் கடலுக்கு மேலே சின்ன செஸ்னா ஒன்று உறுமிக்கொண்டு போனால், "உது எங்கட பெடியன்தான்" என்பார்கள். பெரும்பாலும் அது வேறு யாராவதாகத்தான் இருக்கும்.

நான் கொழும்பில் ஒரு விமான நிறுவனத்தின் ஆட்சேர்ப்புப் பிரிவில் வேலை செய்து இளைப்பாறியவள். விமானிகளைத் தெரிவு செய்கிற அதிகாரம் எனக்கு ஒருநாளும் இருக்கவில்லை. அதைக் கப்டன்மார் செய்வார்கள். வந்து குவிகிற விண்ணப்பங்களில் எவை கப்டன் மேசைக்குப் போகும், எவை போகாது என்று பிரிக்கிற வேலை என்னுடையது. அந்த முதல் வாசலில்தான் எங்கள் பிள்ளைகள் பலர் நின்றுவிடுகிறார்கள். பறக்கத் தெரியாததால் அப்படி நடப்பதில்லை. தாங்கள் எவ்வளவு பறந்தார்கள் என்று எழுதத் தெரியாததால் நடக்கிறது.

"அன்ரி, உதை ஒருக்காப் பாத்துத் தாறீங்களே?" என்று கேட்டு அவன் நீட்டிய சுயவிபரக் கோவை ஐந்து பக்கம். முதல் பக்கத்தில் கோட்டுப் போட்ட படம். அதன் கீழே பிறந்த இடம், சமயம், திருமணமாகாதவர், தகப்பனார் இளைப்பாறிய வங்கி உத்தியோகத்தர். இரண்டாம் பக்கம் முழுக்கச் சாதாரணதரப் பெறுபேறு, ஒன்பது பாடமும் ஒன்றுவிடாமல். மூன்றாம் பக்கத்தில் மாணவத் தலைவர், பதினைந்து வயதுக்குட்பட்ட கிரிக்கெட் அணி, வட இலங்கை சங்கீத சபையின் மிருதங்கப் பரீட்சை. நான்காம் பக்கத்தின் நடுவில் ஒரே ஒரு வரி: பறந்த நேரம், 200+.

"தம்பி, இது கலியாணத் தரகரிட்டைக் குடுக்கிற குறிப்பு" என்றேன். பகிடியாகச் சொன்னாலும் பொய்யில்லை. காலி வீதியில் போட்டோக்கொப்பிக் கடைகளில் விசாப் படிவமும் கலியாணக் குறிப்பும் வேலை விண்ணப்பமும் ஒரே ஆள்தான் ரைப் பண்ணுகிறார். ஒன்றின் சாயல் மற்றதில் ஒட்டிக்கொள்கிறது. குடும்பம், குணம், பள்ளிக்கூடம் எல்லாம் சொல்லி, கடைசியாகத் தொழிலைச் சொல்கிற ஒழுங்கு நாங்கள் பரம்பரையாகப் பழகியது.

விமானி வேலைக்கான கோவை தலைகீழாக வரவேண்டும். பெயர், தொடர்பு விபரம், உடனே லைசன்ஸ், அடுத்தது மணித்தியாலக் கணக்கு. எல்லாம் முதல் பக்கத்தின் மேல்பாதியில். படிப்பு இரண்டு மூன்று வரி போதும்: உயர்தரத்தில் கணிதப் பிரிவு, பௌதிகவியல் என்றால் அதைச் சொல்லலாம். மிருதங்கத்தை நான் முழுக்க வெட்டவில்லை. கடைசியில் ஒரு வரியாக விட்டேன். நேர்முகப் பரீட்சையில் ஏதாவது ஒரு கப்டன் அதைப் பிடித்துக்கொண்டு கதைக்கக்கூடும். சமயமும் தகப்பனாரின் உத்தியோகமும் போயின. அடையாள அட்டை இலக்கத்தையும் எடுத்துவிட்டேன். அது கேட்டால் மட்டும், கேட்ட இடத்தில் கொடுக்க வேண்டியது. படமும் அப்படித்தான், சில வளைகுடா நிறுவனங்கள் கேட்கும், கேட்காத இடத்துக்கு அனுப்பத் தேவையில்லை.

என்னை உறுத்தியது அந்த 200+ தான். கூட்டல் குறி என்றால் என்ன? 201ஆ, 260ஆ? விமானியின் நேரம் கடைக் கணக்குப் போல ஒவ்வொரு பறப்பாக லொக்புக்கில் ஏறுகிறது. எந்தத் திகதி, எந்த விமானம், அதன் பதிவெழுத்து, எங்கிருந்து எங்கே, எத்தனை மணி எத்தனை நிமிடம் என்று பதிந்து, பக்கத்துக்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போவார்கள். பறப்பதற்காக விமானம் தரையில் முதன்முதல் அசைந்த நேரம் தொடக்கம், பறந்து முடிந்து கடைசியாக நிற்கும் நேரம் வரை கணக்கு. அப்படி எழுதி வைத்திருக்கிற ஒருவன் தன் கோவையில் மட்டும் ஏன் கூட்டல் குறி போடுகிறான் என்றுதான் வாசிக்கிறவர் யோசிப்பார். 207 மணித்தியாலம் 35 நிமிடம் என்றால் அப்படியே எழுதலாம். இன்ன திகதி வரைக்கும் என்று பக்கத்தில் போட்டால் இன்னும் நல்லது.

வாசகர்களில் பலருக்கு இந்த லைசன்ஸ் படிகள் புதிதாக இருக்கும். முதலாவது பி.பி.எல்., தனியார் விமானி அனுமதிப் பத்திரம். தன் சிநேகிதரை ஏற்றிக்கொண்டு பறக்கலாம், காசு வாங்க ஏலாது. அடுத்தது சி.பி.எல்., தொழிலாகப் பறப்பதற்கானது. 1944இன் சிக்காகோ உடன்படிக்கையிலிருந்து பிறந்த சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இதற்கு வைத்திருக்கும் அடிப்படை 200 மணித்தியாலம். அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் பயிற்சி நெறியில் படித்தால் 150. உச்சியில் இருப்பது ஏ.ரி.பி.எல். பெரிய பயணிகள் விமானத்தின் கப்டனாக இருக்க அதுதான் வேண்டும், அதற்கு 1,500 மணித்தியாலம். அதன் எழுத்துப் பரீட்சைகளை இப்போதே சித்தியடைந்துவிட்டு மணித்தியாலத்துக்காகக் காத்திருப்பவரை ‘புரோஸன் ஏ.ரி.பி.எல்.’ வைத்திருக்கிறார் என்பார்கள். இலங்கையில் லைசன்ஸ் கொடுப்பது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. ஒரு குறிப்பிட்ட பெரிய விமானத்தை, உதாரணமாக எயார்பஸ் ஏ320ஐ, ஓட்டுவதற்கு அதற்கென்றே தனிப் பயிற்சியும் பரீட்சையும் இருக்கின்றன. அதுதான் ரைப் ரேற்றிங்.

ஆக, 200 மணித்தியாலத்தோடு வெளியே வருகிற பிள்ளை சட்டப்படி விமானி. வேலைச் சந்தையில் அவன் வாசற்படியில் நிற்கிறான். அவனைப் போல ஆயிரம் பேரிடம் அதே 200 இருக்கும். அந்த 200 எப்படிப்பட்ட 200 என்பதைத்தான் கோவை சொல்ல வேண்டும்.

மொத்தத்தை எழுதிவிட்டு அதைப் பிரித்துக் காட்ட வேண்டும். தானே பொறுப்பேற்றுப் பறந்தது எவ்வளவு, பயிற்றுநரோடு பறந்தது எவ்வளவு, ஒற்றை எஞ்சினில் எவ்வளவு, இரட்டை எஞ்சினில் எவ்வளவு, இரவில் எவ்வளவு, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறந்தது எவ்வளவு, ஊர்விட்டு ஊர் போனது எவ்வளவு. இவை எல்லாம் ஒரே நேரத்தின் வெவ்வேறு வெட்டுமுகங்கள். இரவில் தனியாக ஊர்விட்டு ஊர் பறந்த இரண்டு மணித்தியாலம் மூன்று நிரலிலும் வரும், மொத்தத்தில் ஒருதரம்தான் வரும். எங்கள் பெடியன் எல்லா நிரலையும் கூட்டிப் பார்த்திருக்கிறான். அதில் வந்த பெரிய எண் அவனுக்கே நம்ப முடியாமல் இருந்ததால்தான் 200+ என்று ஒதுங்கினான் என்பது பிறகு தெரிந்தது.

இன்னும் இரண்டு பொறிகள் இருக்கின்றன. சிமியுலேற்றரில் இருந்த நேரம் பறந்த நேரம் ஆகாது. அதைத் தனி வரியில், என்ன வகைச் சாதனம் என்ற குறிப்போடு எழுத வேண்டும். மொத்தத்தோடு சேர்த்து எழுதியவர்களை நான் கண்டிருக்கிறேன். கப்டன்மார் அதை ஏமாற்று என்றே எடுத்துக்கொள்வார்கள், தெரியாமல் செய்தாலும். மற்றது தசமப் புள்ளி. சிலர் லொக்புக்கில் மணி, நிமிடம் என்று எழுதுவார்கள். சிலர் தசமத்தில் எழுதுவார்கள். 1.30 என்று ஒருவன் எழுதினால் அது ஒன்றரை மணித்தியாலமா, அல்லது ஒரு மணியும் 18 நிமிடமுமா? ஏதாவது ஒரு முறையை எடுத்து, கடைசி வரை அதையே பிடிக்க வேண்டும். இரண்டையும் கலந்து கூட்டினால் நூறு பறப்பில் பல மணித்தியாலம் காற்றில் போய்விடும், அல்லது இல்லாதது வந்து சேரும்.

லைசன்ஸுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று விடயம் வரவேண்டும், உரிய திகதிகளோடு. முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ்; நாற்பது வயதுக்குட்பட்டவருக்கு ஒரு வருடம் செல்லும். கருவிப் பறப்புத் தகுதி, அதாவது ஐ.ஆர்., கடைசியாகப் புதுப்பித்த திகதி. ஆங்கிலத் தகுதி மட்டம். விமானிக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் இடையிலான பேச்சுக்காக ஆங்கிலத்தை ஆறு மட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். சர்வதேசப் பறப்புக்கு நான்காவது மட்டமாவது வேண்டும். நான்கு என்றால் மூன்று வருடத்துக்குள், ஐந்து என்றால் ஆறு வருடத்துக்குள் திரும்பச் சோதிக்க வேண்டும். ஆறு என்றால் மறு பரீட்சை இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்கு எடுத்த ‘ஏ’ இந்த இடத்தில் செல்லாக் காசு.

பெயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எங்கள் ஆட்களுக்கே உரிய தலையிடி. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டு, பள்ளிக்கூடத்தில் ரீச்சர் எழுதியது இன்னொன்று, பாஸ்போட்டில் வேறொன்று. கஜன் என்ற பிள்ளை ஒரு பத்திரத்தில் ‘கே’யிலும் மற்றதில் ‘ஜி’யிலும் தொடங்குவான். தகப்பன் பெயர் முன்னுக்கு வருகிறதா பின்னுக்கு வருகிறதா என்பதற்கும் ஒரு நிச்சயம் இல்லை. இணைய விண்ணப்பப் படிவமோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகளைத் தவிர வேறு ஒன்றும் அறியாது. ஒரு விண்ணப்பதாரிக்கு நேர்முகக் கடிதம் போகிறது, அதில் இருப்பது அவருடைய தகப்பனாரின் பெயர். லைசன்ஸில் உள்ளதும் பாஸ்போட்டில் உள்ளதும் ஒத்துவராவிட்டால், நிறுவனம் அதிகாரசபைக்கு எழுதி லைசன்ஸ் மெய்யானதா என்று கேட்கும்போது, "அப்படி ஒருவரும் இல்லை" என்று பதில் வர இடமுண்டு. பாஸ்போட் எப்படியோ அப்படியே எல்லா இடத்திலும். லைசன்ஸ் எடுக்கும்போதே அதைச் சரிபார்த்துவிட வேண்டும். பழைய சான்றிதழில் வேறு விதமாக இருந்தால் சத்தியக் கடதாசி ஒன்று முடித்து வைத்திருக்கலாம். கோவையின் தலைப்பில் செல்லப் பெயர் போடக்கூடாது என்று சொல்லவே வேண்டியதில்லை, ஆனால் போடுகிறார்கள்.

அன்றைக்கு அவனுடைய தகப்பனாரும் கூட வந்திருந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் பெடியன் மெல்லக் கேட்டான்.

"அன்ரி, ஐ.ஆர். செக்கில முதல்தரம் ஃபெயில். ரெண்டாந்தரம்தான் பாஸ். அதையும் எழுதோணுமே?"

"அதை நாங்களாப் போய் ஏன் சொல்லுவான்? பாஸ் பண்ணீட்டான்தானே அக்கா" என்றார் தகப்பனார்.

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் பஃபலோ விபத்தைச் சொல்வேன். 2009 பெப்ரவரி 12ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கொல்கன் எயார் நிறுவனம் ஓட்டிய கியூ400 விமானம் தரையிறங்க வந்தபோது வேகம் குறைந்தது. விழப்போகிறது என்று விமானம் எச்சரித்தபோது கப்டன் மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாக உயர்த்தினார். விமானத்திலிருந்த 49 பேரும், அது விழுந்த வீட்டில் ஒருவரும் இறந்தார்கள். விசாரணையில் வந்த பல விடயங்களில் ஒன்று, அந்தக் கப்டன் முன்னர் பல செய்முறைப் பரீட்சைகளில் முதல் தடவை தவறியிருந்தார் என்பதும், வேலைக்கு விண்ணப்பித்தபோது அவை எல்லாவற்றையும் அவர் எழுதியிருக்கவில்லை என்பதும். தவறியதால் விபத்து நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எந்த இடத்தில் இவருக்குக் கூடுதல் பயிற்சி வேண்டும் என்று நிறுவனம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று, படிவத்தில் ஒரு வெற்றிடமாகக் கிடந்தது.

அந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்கா சட்டத்தையே மாற்றியது. 2013இலிருந்து அங்கே துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணித்தியாலம் வேண்டும். விமானிகளின் பரீட்சைப் பதிவுகளையும் பழைய வேலைப் பதிவுகளையும் ஒரே களஞ்சியத்தில் சேர்க்கவும் அதே சட்டம் சொன்னது. களஞ்சியம் முழுமையாக நடைமுறைக்கு வரமுன், 2019 பெப்ரவரி 23ஆம் திகதி அட்லஸ் எயாரின் சரக்கு விமானமொன்று, போயிங் 767, ஹூஸ்டனுக்குப் போகும் வழியில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அதன் துணை விமானி முன்னைய நிறுவனங்களில் பயிற்சியில் தவறிய கதையை மறைத்து வேலை எடுத்திருந்தார் என்று விசாரணை அறிக்கை எழுதியது.

எங்கள் பக்கத்திலும் பாடம் இருக்கிறது. 2020 மே மாதம் கராச்சியில் நடந்த விபத்துக்குப் பிறகு, பாகிஸ்தானின் விமானத்துறை அமைச்சர் 262 விமானிகளின் லைசன்ஸ் சந்தேகத்துக்குரியது என்று பாராளுமன்றத்தில் சொன்னார். பின்னர் அந்தப் பட்டியலில் பலர் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். அதற்குள் ஐரோப்பா பாகிஸ்தானின் தேசிய விமான நிறுவனத்துக்குக் கதவைச் சாத்திவிட்டது, வியட்நாமிலும் மலேசியாவிலும் வேலை செய்த பாகிஸ்தானிய விமானிகள் பறக்காமல் நிறுத்தப்பட்டார்கள். ஒரு சிலரின் பொய் ஒரு நாட்டின் லைசன்ஸையே மலிவாக்கிவிட்டது. இலங்கை லைசன்ஸோடு வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளையும் அந்தப் பத்திரத்துக்கு இருக்கிற பெயரைத்தான் நம்பிப் போகிறது.

ஆனபடியால் தகப்பனாருக்கு நான் சொன்னது இதுதான். கோவையில் தோல்விப் பட்டியல் போடத் தேவையில்லை, யாரும் அதை எதிர்பார்ப்பதுமில்லை. விண்ணப்பப் படிவம் கேட்டால், நேர்முகத்தில் கேட்டால், முழுவதையும் சொல்ல வேண்டும். எப்போது, எதில், ஏன், பிறகு என்ன பயிற்சி எடுத்தான், எப்போது சித்தியடைந்தான். நான்கு வசனம். பயிற்றுநர் மீது பழி போடாமல், காலநிலை மீது போடாமல். ஒருதரம் தவறியவனை எடுக்கிற நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. மறைத்தவனை எடுக்கிற நிறுவனம் இல்லை. எடுத்த பிறகு தெரியவந்தாலும் அன்றோடு வேலை போகும்.

தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. பெடியனுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது போல இருந்தது.

இனிக் கடிதம். சுயவிபரக் கோவையோடு சேர்த்து அனுப்புகிற அந்த ஒரு பக்கத்தைத்தான் எங்கள் ஆட்கள் ஆகக் கெடுத்து வைக்கிறார்கள். கந்தோர் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்களிடமிருந்து வந்த நடை இன்னும் போகவில்லை. தாழ்மையுடன் விண்ணப்பித்துக்கொள்வது யாதெனில், தங்கள் மேலான சமுகத்துக்கு, என்றைக்கும் நன்றியுடையவனாக இருப்பேன். ஆங்கிலத்தில் எழுதினாலும் உள்ளே இருப்பது இதுதான். இளம் பிள்ளைகள் அதைத் துடைத்துவிட்டு வேறொரு தேய்ந்த பாட்டைப் போடுகிறார்கள்: சின்ன வயதிலிருந்தே வானத்தைப் பார்த்து வளர்ந்தேன், பறப்பது என் இரத்தத்தில் இருக்கிறது. விண்ணப்பிக்கிற எல்லாரும் வானத்தைப் பார்த்துத்தான் வளர்ந்தார்கள். ஆட்சேர்ப்பு மேசையில் இருந்தவளாகச் சொல்கிறேன், அந்த வரியைக் கண்டதும் கண் தானாக அடுத்த பந்திக்குத் தாவிவிடும்.

எங்கள் பெடியனுடைய கடிதத்தில் இன்னொரு கூத்து. ஒரே கடிதத்தை எல்லா இடத்துக்கும் அனுப்பியிருக்கிறான், நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி. அதில் போயிங் ஓட்டுவது தன் இலட்சியம் என்று ஒரு வரி. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸிடம் இருப்பது முழுக்க எயார்பஸ், ஏ320 குடும்பமும் ஏ330உம். ஃபிற்ஸ் எயார் பயணிகளை ஏற்றுவதும் ஏ320இல்தான். சினமன் எயாரிடம் இருப்பது செஸ்னா கரவன். குளத்திலும் களப்பிலும் இறங்குகிற ஒற்றை எஞ்சின் விமானம். இந்த மூன்றில் எதற்கும் அந்த வரி பொருந்தாது.

கடிதத்தின் நடுப்பந்தியில் அவன் 1947 டிசம்பர் 10ஐப் பற்றி எழுதியிருந்தான். அன்றைக்குத்தான் எயார் சிலோனின் முதலாவது விமானம், ஒரு டக்கோட்டா, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறைக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் பறந்தது. காங்கேசன்துறை விமான நிலையம் என்றால் இன்றைய பலாலிதான். 2019 ஒக்டோபரில் அதை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்து, சென்னையிலிருந்து விமானம் வந்தபோது பெடியன் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். இப்போது இந்தியாவின் இண்டிகோ நிறுவனமும் ஏ.ரி.ஆர். 72இல் அந்த வழியில் பறக்கிறது. அம்மம்மாவை ஏற்றிக்கொண்டு பலாலியில் இறங்க வேண்டும் என்பது அவனுடைய உண்மையான ஆசை. எனக்கு அந்தப் பந்தி பிடித்தது. வெட்டினேன். விமான நிறுவனத்துக்கு விமானச் சரித்திரம் படிப்பிக்க வேண்டியதில்லை. இண்டிகோவுக்கு எழுதுவதானாலும் இந்தியாவில் லைசன்ஸ் கொடுக்கிற டி.ஜி.சி.ஏ.யின் பத்திரம் இல்லாமல் யாழ்ப்பாணப் பாசம் மட்டும் போதாது. நேர்முகத்தில் ஏன் இந்தத் தொழில் என்று கேட்டால் அதைச் சொல்லு என்றேன். அந்த இடத்தில் அது வேலை செய்யும்.

நாங்கள் இருவருமாக இருந்து எழுதிய கடிதம் ஆங்கிலத்தில் முக்கால் பக்கம் வந்தது. கருத்தை மட்டும் தமிழில் தருகிறேன், எண்களை மாற்றியிருக்கிறேன்.

"ஏ320 துணை விமானிப் பதவிக்கான உங்கள் விளம்பரத்துக்கு விண்ணப்பிக்கிறேன். என்னிடம் இலங்கை சி.பி.எல்., இரட்டை எஞ்சின் தகுதி, கருவிப் பறப்புத் தகுதி ஆகியன உள்ளன. மொத்தம் 214 மணித்தியாலம். அதில் பொறுப்பு விமானியாக 112, பயிற்றுநரோடு 102. ரைப் ரேற்றிங் இல்லை. மருத்துவச் சான்றிதழ் அடுத்த மார்ச் வரை செல்லும். பயிற்சி முடிந்தபின் மாதம் ஒருதரமாவது பறந்து வருகிறேன். ஓய்ந்திருக்கும் நேரத்தில் உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். உங்கள் நிறுவனத்தின் இரவுப் பறப்புகள் எந்த நேரம் புறப்படுகின்றன என்பது தெரியும்; கட்டுநாயக்காவுக்கு அருகில் குடியேறத் தயார். இரண்டு வார அறிவித்தலில் பயிற்சிக்கு வர முடியும்."

இதில் அழகு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வசனமும் வாசிக்கிறவருக்கு எழக்கூடிய ஒரு கேள்விக்குப் பதில். ‘ரைப் ரேற்றிங் இல்லை’ என்ற வரியை எடுத்துவிடச் சொல்லி அவன் கெஞ்சினான். இல்லாததை இல்லை என்று தானே சொல்கிறவன் மற்ற எண்களையும் சரியாகத்தான் எழுதியிருப்பான் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நினைப்பார் என்றேன். ரியூசன் வகுப்பை எழுத அவனுக்கு வெட்கம். விமானி ரியூசன் குடுக்கிறானாம் என்று சிரிப்பார்களாம். லைசன்ஸ் எடுத்து ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று இடைவெளி விழுந்தால் அந்த இடைவெளியில் என்ன செய்தான் என்ற கேள்விதான் முதலில் வரும். வெற்றிடத்தைப் பார்த்து வாசிக்கிறவர் தானாக ஒரு கதை கட்டுவார், அது நல்ல கதையாக இருக்காது. கடையில் நின்றாலும் எழுதலாம். பயிற்றுநர் தகுதி எடுத்து வேறு பிள்ளைகளுக்குப் பறக்கப் பழக்கினால் அதைவிட நல்லது இல்லை, மணித்தியாலமும் ஏறும். விமான நிலையத்தில் தரைப்பணி, பறப்புத் திட்டமிடுகிற வேலை என்பவையும் நல்ல வாசல்கள்தான். அந்த வேலைக்குப் போனால் விமானியாக மாட்டான் என்று பயப்படுகிற பெற்றோரை வெள்ளவத்தையில் நிறையக் காண்கிறேன். நான் கண்டது வேறு மாதிரி. நிறுவனத்துக்குள் இருப்பவனுக்கு அடுத்த ஆட்சேர்ப்பு எப்போது என்று பத்திரிகைக்கு முன்னமே தெரியும்.

வெளிநாட்டுக்கு எழுதுவதானால் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: அந்த நாட்டில் இருக்கவும் வேலை செய்யவும் உரிமை உண்டா, இல்லையா. ஐரோப்பிய, பிரித்தானிய நிறுவனங்கள் பல, அந்த உரிமையும் தங்கள் நாட்டு லைசன்ஸும் இல்லாதவரின் கோவையைத் திறப்பதே இல்லை. எங்கள் லைசன்ஸை அங்கே மாற்ற வேண்டுமானால் அங்கத்தைய பரீட்சைகளை எழுத வேண்டும். 2022, 2023இல் எங்கள் நாட்டு நெருக்கடியில் வளைகுடாவுக்கும் மற்ற இடங்களுக்கும் போன விமானிகளைப் பார்த்து, தங்கள் பிள்ளையும் உடனே போகலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கான மணித்தியாலமும் ரைப் ரேற்றிங்கும் உள்ளவர்கள். 200 மணித்தியாலக்காரனுக்கு அந்தக் கதவு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. அவர்கள் விட்டுப்போன இடம்தான் அவனுக்கான கதவு.

சின்ன விடயங்கள் சில. எழுத்து அலங்காரம், நிறப் பட்டை, ஆங்கிலத் தகுதிக்கு ஐந்து நட்சத்திரத்தில் நான்கு போடுகிற படம் எல்லாம் வேண்டாம். இப்போது முதலில் வாசிப்பது பல இடங்களில் கணினிதான், அதற்குப் படம் விளங்காது. கோப்பின் பெயரில் சொந்தப் பெயரும் பதவியும் இருக்கட்டும், ‘புதுசு கடைசி 3’ என்று அனுப்பாதீர்கள். பள்ளிக்கூட நாளில் தொடங்கிய விளையாட்டு மின்னஞ்சல் முகவரியையும் மாற்றிவிடுங்கள்.

கடைசியில் தகப்பனார் ஒரு கடித உறையை எடுத்து வைத்தார். தெரிந்த அரசியல்வாதி ஒருவரின் கடிதத் தலைப்பில், பெடியன் நல்ல குடும்பத்துப் பிள்ளை, உதவி செய்யவும் என்று இரண்டு வரி. இதையும் பின்னுக்கு இணைத்தால் என்ன என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என்னிடம் அப்படி வந்த கடிதங்களை நான் கப்டன்மாருக்குக் கொடுக்கும்போது அவர்கள் முகம் போன போக்கு எனக்குத் தெரியும். பரிந்துரைக்கு இரண்டு பேர் வேண்டும், இருவரும் இவன் பறப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களாக இருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பயிற்றுநர் ஒருவர். மற்றவர், முதல்தரம் அவனை ஃபெயிலாக்கிய அந்தப் பரீட்சகர்.

"அவரையே?" என்றான் பெடியன்.

"ரெண்டாந்தரம் பாஸ் பண்ணினதும் அவர்தானே. போய்க் கேட்டுப் பார். ஓம் எண்டு சொன்னால் மட்டும் பேரைப் போடு."

திங்கட்கிழமை இரத்மலானைக்குப் போய்க் கேட்டிருக்கிறான். அவர் ஓம் என்றாராம், தொலைபேசி இலக்கத்தையும் தானே எழுதிக் கொடுத்தாராம்.

இனி அழைப்பு வந்தால் லொக்புக்கை இன்னொருதரம் முதல் பக்கத்திலிருந்து கூட்டச் சொல்லியிருக்கிறேன், கல்குலேற்றர் இல்லாமல். கோவை அனுப்பிய திகதிக்குப் பிறகு பறந்ததைத் தனியாக எழுதிக்கொண்டு போக வேண்டும். கப்டன் ஒரு பக்கத்தைச் சும்மா திறந்து, இந்தப் பறப்பில் என்ன நடந்தது என்று கேட்பார். அதற்கு விடை கோவையில் இல்லை.